செவிலியர் கல்வியில் நோய்ச்சொல்லும் மருந்துப்பெயரும்: கிறீனின் கலைச்சொற் கொள்கையும் பாளையங்கோட்டைச் சூழலும்

ஆய்வுச் சுருக்கம்

நோய் உடலில் எவ்வாறு தோன்றி வளர்கிறது, மருந்து அதனை எவ்வாறு எதிர்கொள்கிறது என்னும் இரண்டும் செவிலியர் கல்வியின் அடிப்படைப் பாடங்கள். மேலை மருத்துவத்தின் இவ்விரு துறைகளையும் தமிழில் கற்பிக்கும் முயற்சியை 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மேற்கொண்டார். அம்முயற்சியின் கலைச்சொற் கொள்கையை ஆராயும் இக்கட்டுரை, நோய்ச்சொல்லும் மருந்துப்பெயரும் வெவ்வேறு பணி செய்வன; ஆதலின் இரண்டுக்கும் ஒரே மொழிக்கொள்கை பொருந்தாது என்னும் கருத்தைப் பாளையங்கோட்டைச் சூழலில் வைத்து நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: செவிலியர் கல்வி, நோயியல், மருந்தியல், கலைச்சொல்லாக்கம், கிறீன், பாளையங்கோட்டை

முன்னுரை

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, உழைச்செல்வான் என நான்கு கூறாகப் பகுக்கிறது. நோயாளியின் அருகிலிருந்து மருந்தை அளிப்பவரே உழைச்செல்வான். இன்றைய வழக்கில் செவிலியர். தமிழ் மருத்துவக் கலைச்சொல் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் மருத்துவரையும் நூலாசிரியரையுமே கருத்திற் கொண்டனர். இந்நான்காமவரின் தேவையிலிருந்து அவ்வரலாற்றை நோக்கும்போது வேறு சில வினாக்கள் எழுகின்றன.

பாளையங்கோட்டை இவ்வினாக்களுக்குப் பொருத்தமான களம். இங்கு 1964இல் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் 1965இல் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியும் தோன்றின. முன்னதில் நோயறியும் துறை ‘நோய் நாடல்’ என்றும் மருந்துத்துறை ‘குணபாடம்’ என்றும் தமிழ்ப்பெயரிலேயே வழங்குகின்றன. பின்னதில் அவற்றுக்கு இணையான துறைகள் ஆங்கிலத்தில் நடைபெறுகின்றன. இந்தியச் செவிலியர் மன்றம் 2021இல் நடைமுறைப்படுத்திய இளநிலைப் பட்டப் பாடத்திட்டம் மருந்தியலையும் நோயியலையும் தனித்தனிப் பாடங்களாக அமைத்துள்ளது. தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வரும் மாணவி இப்பாடங்களை ஆங்கிலத்தில் கற்று, தாமிரபரணிக் கரை ஊர்களிலிருந்து வரும் நோயாளிக்குத் தமிழில் விளக்க வேண்டியவராகிறார்.

நெல்லையும் மானிப்பாயும்

தமிழில் அறிவியல் உரைநடை எழுதும் முயற்சி இவ்வட்டாரத்துக்குப் புதியதன்று. 1820 முதல் நெல்லைப் பகுதியில் பணியாற்றி 1838இல் பாளையங்கோட்டையில் மறைந்த இரேனியஸ், 1832இல் ‘பூமிசாஸ்திரம்’ என்னும் நூலை வெளியிட்டார். புவியியலில் அவர் தொடங்கியதை மருத்துவத்தில் விரிவாகச் செய்தவர் கிறீன்.

அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தவரான கிறீன் (1822–1884) 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவப்பணியும் மருத்துவக் கல்வியும் நடத்தினார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் கற்பித்த அவர் 1864 முதல் தமிழில் கற்பித்தார். ஆங்கிலம் கற்ற மருத்துவர் அரசுப்பணியையும் நகரத்தையும் நாடுவர்; தமிழில் கற்றவர் தம் ஊரிலேயே தங்கிப் பணிசெய்வர் என்பது அவரது எதிர்பார்ப்பு. மாணவர் மொழிபெயர்ப்பதும் கிறீன் திருத்துவதுமாக நூல்கள் உருவாயின. ‘இரணவைத்தியம்’ (1867), ‘மனுஷ அங்காதிபாதம்’ (1872), ‘வைத்தியாகரம்’ (1872), ‘கெமிஸ்தம்’ (1875) ஆகியன அவற்றுட் சில. இவற்றுள் ‘வைத்தியாகரம்’ நோய்களையும் அவற்றுக்குரிய மருத்துவத்தையும் கூறுவது. வேரிங் தொகுத்து 1868இல் வெளியான இந்திய மருந்துநூலைத் தழுவிய ‘இந்து பதார்த்த சாரம்’ மருந்துப்பொருள்களைக் கூறுவது. நோயியலும் மருந்தியலுமாகிய இன்றைய இரு பாடங்களுக்கும் தமிழில் முன்னோடிகள் இருந்தன என்பது இதனாற் பெறப்படும்.

கிறீனின் கலைச்சொற் கொள்கை

ஓர் ஆங்கிலக் கலைச்சொல்லுக்கு முதலில் தமிழ்ச்சொல்லைத் தேடுதல், கிடைக்காதவிடத்து வடசொல்லை நாடுதல், அதுவும் பொருந்தாதவிடத்து ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்திலும் தமிழ் ஈற்றிலும் அமைத்தல் என்னும் வரிசைமுறையை அவர் பின்பற்றினார். ‘பிரசவ வைத்தியம்’ வழக்கிலிருந்த சொற்களால் ஆனது. ‘சுகரணம்’, ‘உற்பாலனம்’ ஆகியன வடமொழிச் சார்புடைய ஆக்கங்கள். ‘கெமிஸ்தம்’ மூன்றாம் வகை. ஒரே கல்விநெறிக்குள் மூவகைச் சொற்களும் இடம்பெற்றமை குழப்பமன்று. பொருளின் இயல்பு நோக்கிய தெரிவு எனலாம். 1875ஆம் ஆண்டளவில் அவர் வெளியிட்ட கலைச்சொற்றொகுதிகள் மருந்துப்பொருளுக்கும் உடலியங்கியலுக்கும் தனித்தனியே அமைந்தமையும் துறைதோறும் சொற்றேவை வேறுபடுவதைக் காட்டுகிறது.

இவற்றுள் ‘அங்காதிபாதம்’, ‘சுகரணம்’ ஆகியவற்றின் இடத்தை இன்று ‘உடற்கூற்றியல்’, ‘உடலியங்கியல்’ ஆகியன பெற்றுவிட்டன. கிறீன் 1873இல் நாடு திரும்பினார். கொழும்பில் 1870இல் தொடங்கிய மருத்துவப்பள்ளியும் அரசுப்பணியும் ஆங்கிலத்தையே வாயிலாகக் கொண்டிருந்தன. எனவே அவரது தமிழ்வழிக் கல்வி தொடரவில்லை. சொற்கள் வழக்கிழந்ததற்கு அவற்றின் வடமொழித்தன்மை மட்டும் காரணமன்று. அவற்றைப் பயிலும் வகுப்பறை இல்லாமற் போனதே முதன்மைக் காரணம்.

நோய்ச்சொல்: நிகழ்வை உணர்த்தும் கடமை

நோய்ச்சொல் நோயாளியின் செவியைச் சென்றடைவது. ‘இதயச் செயலிழப்பு’ என்னும் இன்றைய சொல்லை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். இது ஆங்கிலத்தின் நேர்பெயர்ப்பு. இதயம் நின்றுவிட்டது என்றே நோயாளியின் குடும்பம் இதனைப் பொருள்கொள்ளக்கூடும். உண்மையில் நிகழ்வது வேறு. இதயத்தின் இறைக்கும் திறன் குறைகிறது. சிறுநீரகத்துக்குச் செல்லும் குருதி குறைய, அது உப்பையும் நீரையும் உடலில் தேக்குகிறது. கணுக்காலில் வீக்கமும் படுத்தால் மூச்சுத்திணறலும் தோன்றுகின்றன. ‘இதயத் திறன்குறைவு’ எனின் இத்தொடர்நிகழ்வுக்கு வழி திறக்கும்.

நிகழ்வை அறிந்த மாணவிக்கு மருந்தின் செயலும் விளங்கும். ஃபுரோசமைடு உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றுகிறது. ஆகவே நாள்தோறும் ஒரே நேரத்தில் எடை பார்த்தலும் சிறுநீரளவைக் குறித்தலும் வேண்டப்படுகின்றன. அம்மருந்தால் பொட்டாசியமும் குறையும்; பொட்டாசியம் குறைந்தவிடத்து டிகாக்சினின் நச்சுத்தன்மை மிகும். டிகாக்சின் அளிக்குமுன் ஒரு முழு நிமிடம் இதயத்துடிப்பை எண்ணி, பெரியவர்க்கு 60க்குக் குறையின் மருந்தை நிறுத்திவைத்து மருத்துவருக்கு அறிவிக்க வேண்டும் என்னும் விதி அப்போது மனனப் பாடமாக இராது. காரணத்தோடு கூடிய அறிவாகும்.

மருந்துப்பெயர்: அடையாளம் காட்டும் கடமை

மருந்துப்பெயரின் பணி விளக்குதலன்று. குப்பியின் மேலுள்ள பெயரும் மருத்துவர் எழுதிய பெயரும் ஒன்றே என உறுதிசெய்தல். எனவே இங்கு மொழிபெயர்ப்புக்கு இடமில்லை. கிறீனின் மூன்றாம் வழியாகிய ஒலிபெயர்ப்பும் இங்கு எச்சரிக்கையோடு கையாளத்தக்கது. டோபமின், டோபியூட்டமின் ஆகிய இரண்டும் தீவிர மருத்துவப் பிரிவில் வழங்கும் வெவ்வேறு மருந்துகள். பெயர் ஒற்றுமையால் மாறக்கூடியவை என உலகளவில் அறியப்பட்டவை. ஆங்கிலத்தில் இவற்றைப் பிரித்துக்காட்டும் மெய்யெழுத்து வேறுபாடு தமிழில் ஒரே பகரத்தில் மறைந்துவிடுகிறது. தமிழ்ப் பாடநூலில் ஒலிபெயர்ப்பு பலுக்கலுக்குத் துணைசெய்யலாம். மருந்தட்டவணையிலும் மருந்தளிப்புப் பதிவேட்டிலும் மூல எழுத்துவடிவமே இருத்தல் வேண்டும். இது மொழிப்பற்றின்மையன்று, உயிர்காப்பு.

முடிவுரை

தமிழ்வழி மருத்துவக் கல்வி பற்றிய உரையாடல் ‘எல்லாம் தமிழில்’, ‘எல்லாம் ஆங்கிலத்தில்’ என்னும் இரு முனைகளில் நின்றுவிடுகிறது. பொருளுக்கேற்ற சொல்வகையைத் தேர்ந்த கிறீனின் நூல்கள் மூன்றாவது நிலைப்பாட்டுக்கு இடந்தருகின்றன. நோயின் நிகழ்வும் மருந்தின் செயலும் தமிழில் விளக்கப்பெறவேண்டும். மருந்தின் பெயர் மாறாது காக்கப்பெறவேண்டும். சித்த மருத்துவத்தின் தமிழ்ச் சொல்வளமும் மேலை மருத்துவத்தின் நடைமுறையும் ஒரே ஊரில் வாழும் பாளையங்கோட்டையில், இவ்விரு கல்லூரியின் ஆசிரியரும் செவிலிய ஆசிரியரும் கூடி நோய்நிகழ்வுக்கான சிறு தமிழ்க் கையேடு ஒன்றை உருவாக்குவது இயலும். அதன் சொற்களை அளக்கத் தக்க அளவுகோல் அகராதியன்று. படுக்கையருகில் நின்று செவிலியர் சொல்வதை நோயாளி புரிந்துகொண்டு தம் மருந்தை முறையாக உட்கொள்வதே ஆகும்.