நஞ்சை அளக்கும் சொற்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத நதி ஒன்றேனும் இல்லை. மாரிமழை மண்ணில் இறங்கிச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் தங்குகிறது. கிணறுகளின் வழியே அந்நீரே குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் பயன்படுகிறது. ஆதலால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் தெளிக்கும் நஞ்சு எங்கே செல்கிறது என்பது இங்கு ஆய்வுகூடத்தின் வினா மட்டுமன்று. ஒவ்வொரு வீட்டின் வினாவுமாகும். அதற்கு விடை கூறும் விஞ்ஞானச் சொற்களைப் பொருள் பிறழாமல் தமிழில் வழங்குதல் பெரும் பொறுப்பு.

அத்தகைய பொறுப்பு இம்மண்ணுக்குப் புதியதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். கலைச்சொல்லுக்குத் தமிழும் வடமொழியும் உதவாதவிடத்து ஆங்கில ஒலியையே தமிழுக்கு இசைவித்தார். 1875இல் வெளிவந்த 'கெமிஸ்தம்' என்னும் இரசாயன நூலின் பெயரே அதற்குச் சான்று.

அக்காலத்தில் இன்றைய பீடைகொல்லிகள் இல்லை. 1939இல் சுவிற்சர்லாந்தின் போல் முல்லர், டி.டி.டி.யின் பூச்சிகொல்லும் ஆற்றலைக் கண்டறிந்தார். 1948இல் நோபெல் பரிசும் பெற்றார். 1962இல் ரேச்சல் கார்சன் 'மௌன வசந்தம்' என்னும் பொருளுடைய நூலினால் அத்தகைய நஞ்சுகளின் கேட்டை உலகுக்கு உணர்த்தினார். கொல்லும் ஆற்றலோடு, நஞ்சு மறையும் காலமும் செல்லும் வழியும் ஆராயப்படலாயின.

அவ்வாராய்ச்சியின் சொற்களுள் ஒன்று அரைவாழ்வுக்காலம். ஒரு நஞ்சில் பாதி சிதைவதற்கு ஆகும் காலம் அது. அது 30 நாள் எனின், 60 நாளில் முழுவதும் மறையும் என்று கொள்ளலாகாது. அப்போதும் காற்பங்கு எஞ்சும். 90 நாளில் அரைக்காற்பங்கு எஞ்சும். 1927இல் இங்கிலாந்தின் டிரெவன் வகுத்த உயிர்கொல் இடையளவு மற்றொன்று. சோதனைப் பிராணிகளுள் பாதியைக் கொல்லும் அளவு அது. ஆகவே எண் சிறுத்தால் நஞ்சு கொடியது.

மூன்றாவது புறத்துறிஞ்சல். மண் துகளின் மேற்பரப்பில் நஞ்சு பற்றிக்கொள்வதையே இச்சொல் குறிக்கும். டி.டி.டி. மண்ணை இறுகப் பற்றிப் பல்லாண்டு நிலைக்கும். கார்போபியூரான் அவ்வாறு பற்றாது. நீரில் கரைந்து கீழிறங்கும். மேல்மண் குறைந்து, அடியில் வெடிப்புள்ள சுண்ணக்கல் கிடக்கும் நிலத்தில் அது கிணற்றை அடைய நெடுங்காலம் வேண்டியதில்லை.

இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம், இத்தகைய மருந்துகள் பதிவு பெறுவதை அவசியமாக்கிற்று. பதிவு செய்வோர் ஆராயும் எண்கள் தோட்டம்வரை சென்று பயன்தர வேண்டுமாயின், சொல்லே அவற்றைச் சுமந்து செல்ல வேண்டும். நோயாளியின் மொழியில் வைத்தியம் கற்பித்தவரின் நெறி இதற்கும் பொருந்தும். காலும் அரைக்காலும் நம் முன்னோர் வாய்பாட்டில் வழங்கிய சொற்கள். கிணற்றில் எஞ்சும் நஞ்சைக் கணக்கிடவும் அவை போதும்.