சுண்ணாம்பு

இதய ரத்தக்குழாயில் 'கால்சியம்' சேர்ந்திருப்பதைச் 'சுண்ணாம்பு படிந்திருக்கிறது' என்றே தமிழில் சொல்ல வேண்டும் என்பேன். லத்தீனில் சுண்ணாம்பைக் குறிக்கும் கால்க்ஸ் என்ற சொல்லிலிருந்துதான் 1808இல் ஹம்ப்ரி டேவி கால்சியத்துக்குப் பெயர் வைத்தார். நம் சொல்லின் வேர் பொடி. வடமொழிச் 'சூர்ணம்' பிராகிருத வழியே 'சுண்ணம்' ஆயிற்று. மருந்துக்கடைச் சூரணமும் அதற்கு உறவு. பொடி இறுகிக் கல்லாவதைக் காண காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலுக்குப் போகலாம்: பல்லவர் செதுக்கிய மணற்கல் உருவங்கள்மேல் பிற்காலத்தார் பூசிய சுண்ணச்சாந்து கெட்டித்து, கண்ணும் விரலும் மழுங்கி நிற்கின்றன.

ரத்தக்குழாயில் இருப்பது எலும்பில் உள்ளது போன்ற கால்சியம் பாஸ்பேட், சுவர்ச் சுண்ணாம்பு அல்லவே எனலாம். உண்மை, ஆனால் மருத்துவ லத்தீனிலும் அதே இடைவெளி உண்டு. வெற்றிலைச் சுண்ணாம்புதான் காரணமோ என்று நோயாளி அஞ்சுவார் என்பதே வலுவான மறுப்பு. 'குழாய்ச் சுவருக்குள்' என்று சேர்த்துச் சொன்னால் அந்த அச்சம் பெரும்பாலும் தீரும். சிகிச்சையும் இச்சொல்லுக்கே சாட்சி. மணிக்கட்டு வழியே செலுத்தும் மெல்லிய கம்பிமேல், வைரத்துகள் பதித்த முனை நிமிடத்துக்கு லட்சம் முறைக்குமேல் சுழன்று, அந்தக் கெட்டிப்பைப் பெரும்பாலும் சிவப்பணுவைவிடச் சிறிய பொடியாக்குகிறது. இன்னொரு முறையில் பலூனிலிருந்து எழும் அதிர்வலை சுவருக்குள்ளேயே அதை விரிசல் விடவைக்கிறது. அதன்பின் ஸ்டென்ட் தடையின்றி விரிகிறது.