ராமநாதபுரம் சிறையில் ஒரு பண்டாரசாமி

காரியாபட்டியிலிருந்து திருச்சுழி, கமுதி என்று போகப் போக, மானாவாரி நிலமும் வறண்ட கண்மாயுமாக வானம் பார்த்த பூமி விரிந்துகொண்டே வரும். இன்று காரியாபட்டி விருதுநகர் மாவட்டம். 1985 வரை அதுவும் ராமநாதபுரம் மாவட்டம்தான். இன்னும் முன்னே, 17-ம் நூற்றாண்டின் கடைசியில், இந்த வறண்ட சீமையின் பெரும்பகுதியில் கிழவன் சேதுபதி சொன்னதுதான் சட்டம். போகலூரிலிருந்து தலைநகரை ராமநாதபுரத்துக்கு மாற்றியவர் அவர்.

அந்தச் சீமைக்குள் காவி உடுத்தி, புலால் மறுத்து, கால்நடையாகவே ஊர் ஊராகச் சுற்றினார் ஒரு பண்டாரசாமி. ஜனங்கள் அழைத்த பெயர் அருளானந்தர். சொந்தப் பெயர் ஜான் டி பிரிட்டோ. 1647-ல் லிஸ்பனில் பிறந்தவர். சின்ன வயதில் அரண்மனையில் இளவரசன் பெத்ரோவோடு வளர்ந்த பிள்ளை!

1686-ல் முதல் முறை மாட்டினார். தன் உபதேசியார்களோடு பிடிபட்டு, அடி, உதை, தண்ணீரில் முக்கி எடுப்பது என்று சகல உபசாரமும் நடந்தது. கடைசியில் சேதுபதியே கூப்பிட்டு விசாரித்து, இந்தப் பக்கம் இனி போதிக்கக் கூடாது என்று விட்டுவிட்டார்.

பிறகு லிஸ்பன் பயணம். பழைய தோழன் பெத்ரோ இப்போது ராஜா. இங்கேயே இருந்துவிடும் என்று கெஞ்சாத குறை. வேறு யாராவது என்றால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இவரோ 1690-ல் மறுபடி கப்பலேறித் திரும்பி வந்துவிட்டார்.

அதன் பிறகுதான் விவகாரம். தடியத் தேவர் என்று ஒருவர். சேதுபதி பட்டத்துக்கே உரிமை கொண்டாடக்கூடிய வம்சம். தீராத நோயில் படுத்திருந்தவர், உபதேசியார் ஒருவர் வந்து பைபிள் வாசித்து ஜெபித்த பிறகு எழுந்து உட்கார்ந்தார். அந்த நன்றியில் ஞானஸ்நானம் கேட்டார். ஒரு மனைவி மட்டுமே இருக்கலாம் என்றார் அருளானந்தர். தேவர் சம்மதித்து, மற்ற மனைவியரை விலக்கினார். 1693 ஜனவரியில் ஞானஸ்நானமும் நடந்தது.

விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதிக்கு உறவு. நேராக அரண்மனைக்குப் போய் முறையிட்டாள். சில நாட்களில் அருளானந்தர் கைது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாக அந்தப் பெண்ணை வில்லியாக்கிவிடுவார்கள். கொஞ்சம் யோசியுங்கள். புருஷனுக்கு நோய் தீர்ந்தது, அவர் நன்றிக்கடன் தீர்த்தார், சரி. அந்தக் கடனுக்கு வட்டி கட்டியது யார்? ஒரே நாளில் வீடு போனவள் அவள்தானே!

சிறைக்குள் இவர் என்ன செய்தார்? ராஜா சிநேகிதனுக்கு மனுப் போடவில்லை. காவலுக்கு நடுவே சக குருமார்களுக்குக் கடிதம் எழுதினார். கரியைக் கரைத்து மையாக்கி, வைக்கோல் துரும்பால் எழுதினார் என்பார்கள். சிறையிலிருந்து நன்றிக் கடிதம் எழுதுவது கிறிஸ்தவத்தில் பழைய வழக்கம். பவுல் பிலிப்பியருக்கு எழுதிய நிருபம் அப்படித்தான்; அவர்கள் அனுப்பிய உதவிக்குச் சிறையிலிருந்து நன்றி சொல்கிறார். அருளானந்தர் கடிதத்தின் சாரம் அதைவிட ஒரு படி மேலே: தான் செய்த குற்றம் போதித்தது ஒன்றுதான், அதற்காகச் சாவது தண்டனையில்லை, இத்தனை நாள் உழைத்ததற்குக் கிடைக்கும் கூலி!

நான் காமர்ஸ் படித்தவன். எவரும் செலவில் எழுதும் ஒன்றை இந்த மனுஷர் வரவில் எழுதியிருக்கிறார். இதைப் படித்துவிட்டு, சிறையில் அடைத்தது நல்லதுக்குத்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர் நன்றி சொன்னது கடவுளுக்கு. அடித்தவர்களுக்கு ரசீது கொடுக்கவில்லை.

தடியத் தேவர் தலையிட்டதால் ராமநாதபுரத்தில் வைத்துக் கொல்ல சேதுபதி தயங்கினார். நாடுகடத்தல் என்று வெளியே சொல்லி, ஓரியூரில் இருந்த தம்பியிடம் அனுப்பினார். 1693 பிப்ரவரி 4-ம் தேதி, பாம்பாற்றங்கரையில் தலை துண்டிக்கப்பட்டது. 1947-ல் போப் 12-ம் பயஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

இன்றும் ஓரியூருக்கு மதம் பார்க்காமல் ஜனங்கள் போகிறார்கள். அங்குள்ள செம்மண்ணை அவர் ரத்தம் பட்டுச் சிவந்தது என்று நம்பி, பிரசாதம் மாதிரி வீட்டுக்கு எடுத்து வருகிறார்கள். பிள்ளை வரம், நோய் தீர்ந்தது என்று ஆளுக்கொரு நன்றி.

போனால் அந்தச் சாமிக்கு ஒரு கும்பிடு போடுங்கள். கூடவே அடிபட்ட உபதேசியார்களுக்கும் ஒன்று. விலக்கி வைக்கப்பட்ட அந்தப் பெண்களையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பக்கத்துக் கடிதம் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை.