பாடாணம் மருந்தான கதை

பாடாணம் என்ற சொல் நம் நினைவுக்குக் கொண்டுவருவது சாவைத்தான். சித்த மருத்துவத்தில் வெள்ளைப் பாடாணம் எனப்படுவதை வேதியியலார் ஆர்செனிக் டிரையாக்சைடு என்பர். அந்நஞ்சே இன்று ஒருவகைக் குருதிப் புற்றுக்கு உயிர்காக்கும் மருந்து.

1957இல் நார்வே மருத்துவர் ஹில்லெஸ்டாட் அந்நோயைத் தனித்து அடையாளங்காட்டினார். வெள்ளணுக்கள் முதிராமலே பெருகும், குருதி உறையாது, நோயாளி சில வாரங்களில் குருதிப்போக்கால் இறப்பார். 15, 17ஆம் குரோமோசோம்கள் துண்டு மாறி ஒட்டிக்கொள்வதால் பிறக்கும் இணைப்புப் புரதமே இதற்குக் காரணம் என்பது 1990களின் தொடக்கத்தில் தெளிவாயிற்று.

காரணம் தெரியுமுன்பே மருந்து கிடைத்துவிட்டதுதான் விந்தை. 1970களின் தொடக்கத்தில் சீனாவின் ஹார்பின் நகர மருத்துவர்கள், சிற்றூர் வைத்தியர் ஒருவரின் மருந்தை ஆராய்ந்தனர். அதில் பாடாணம், பாதரசம், தேரை நஞ்சு மூன்றும் இருந்தன. சாங் டிங்டொங் குழுவினர் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோதித்தனர். பயன் தந்தது பாடாணம். மற்றவை தீங்கே செய்தன.

1985இல் ஷாங்காயில் வாங் செனி வேறு வழியில் சென்றார். வைட்டமின் ஏ-யின் வழிப்பொருளான ரெட்டினாயிக் அமிலத்தை ஐந்து வயதுச் சிறுமிக்குக் கொடுத்தார். புற்றணுக்கள் கொல்லப்படவில்லை, முதிர்ந்து இயல்படைந்தன. சிறுமி பிழைத்தாள். ஆயினும் இம்மருந்தை மட்டும் பெற்ற பலருக்கு நோய் மீண்டும் தலைதூக்கியது.

இரண்டையும் சேர்த்தால்? இணைப்புப் புரதத்தின் ஒரு பாதியை அமிலம் பற்றுகிறது. மறு பாதியைப் பாடாணம் பற்றுகிறது. பாடாணம் அணுவுக்குள் ஆக்சிஜன் சார்ந்த நெருக்கடியையும் உண்டாக்குகிறது. இருபுறமும் தாக்குண்ட புரதம் சிதைய, புற்றணு முதிர்கிறது அல்லது தானே மடிகிறது.

இவ்வரலாற்றில் நம் வேலூருக்கும் இடமுண்டு. கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், செலவு மிகுந்த மருத்துவத்தைத் தாங்கவியலாதோரை எண்ணிப் பாடாணத்தை மட்டுமே கொடுத்துப் பார்த்தனர். 72 பேரில் 86 விழுக்காட்டினர்க்கு நோய் முற்றும் தணிந்ததென 2006இல் அறிவித்தனர். 2013இல் இத்தாலி, ஜெர்மனி மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு, இடர் மிகாத நோயாளிகளிடம் இரு மருந்துகளின் கூட்டை, அமிலமும் வழக்கமான வேதி மருந்துகளும் சேர்ந்த முறையோடு ஒப்பிட்டது. ஈராண்டு முடிவில் நோய் மீளாது வாழ்ந்தோர் முதல் பிரிவில் 97 விழுக்காடு, மற்றதில் 86.

'எல்லாம் நம் ஏட்டில் அன்றே இருக்கிறது' என்று பெருமிதம் கொள்வோர் நம்மிடையே உண்டு. தமிழாசிரியன் என்ற முறையில் ஏடுகளை நானும் போற்றுகிறேன். ஆனால் ஹார்பின் கற்பிப்பது வேறு. மரபு தந்தது ஒரு குறிப்பு மட்டுமே. மூன்று நஞ்சுகளைப் பிரித்து, அளந்து, தீயதை விலக்கிய உழைப்பே அதை மருந்தாக்கியது. அளவறியாது உண்டால் பாடாணம் இன்றும் நஞ்சுதான். ஏட்டைப் போற்றுவதும் அதைச் சோதிப்பதும் முரணல்ல. சோதிப்பதே மெய்யான போற்றுதல்.