இருவர் மிதிக்கும் துவிச்சக்கர வண்டி

மனிதன் தன் உடல் வலிமையைக் கொண்டே தன்னைச் சுமந்து செல்வதற்குக் கண்டுபிடித்த கருவிகளுள் துவிச்சக்கர வண்டிக்கு இணையானது வேறொன்றில்லை. அது புல்லும் வைக்கோலும் கேளாது, எண்ணெயும் கேளாது. எமது நாட்டிலே தபாற்காரர், ஆசிரியர், கமக்காரர், மாணவர் எனப் பல திறத்தாரையும் நீண்டகாலம் சுமந்து வந்த இவ்வண்டியை இங்கு அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. ஆயினும் இக்குடும்பத்திலே ஒரு கிளை உண்டு. அதனை நம்மவருட் பெரும்பாலார் படங்களிலே மாத்திரம் கண்டிருப்பர். ஒருவர் பின் ஒருவராக இருவர் அமர்ந்து, இருவரும் மிதிக்க ஓடும் வண்டியே அது. ஆங்கிலேயர் அதனை 'டாண்டம்' என்பர்.

ஒரு வண்டியில் இருவர் செல்வது நமக்குப் புதிதன்று. 'டபிள்' போதல் என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறோம். ஆனால் அங்கே மிதிப்பவர் ஒருவர். பாரிலோ கரியரிலோ இருப்பவர் மற்றவர். ஒருவர் உழைக்க, ஒருவர் சுமையாகிறார். டாண்டத்திலோ சுமை என்று எவருமில்லை, இருவரும் உழைப்பாளிகளே. இந்த ஒரு வேறுபாடு பல வினாக்களை எழுப்பியது. வண்டியைத் திருப்புபவர் யார்? வழியைப் பார்ப்பவர் யார்? பாராதவர் பார்ப்பவரை எங்ஙனம் நம்புவது? டாண்டத்தின் வரலாறு பெரும்பாலும் இவ்வினாக்களுக்கு மனிதர் கண்ட விடைகளின் வரலாறேயாகும்.

பெயரும் பிறப்பும்

'டாண்டம்' என்பது இலத்தீன் மொழிச் சொல். 'நெடுநேரத்தின் பின்' என்பது அதன் பொருள். ஆங்கில நாட்டிலே குதிரைகளைப் பக்கம் பக்கமாக அன்றி முன்னும் பின்னுமாக நீளப் பூட்டிய வண்டிக்கு, 'நீளம்' என்ற கருத்தை வேடிக்கையாகத் திரித்து இப்பெயரைச் சூட்டினர். ஒரு நுகத்திற் பக்கம் பக்கமாகப் பூட்டிய இரண்டு காளைகளையே கண்டு பழகிய நமக்கு இந்த நீளப் பூட்டு சற்று விநோதமாகவே தோன்றும். குதிரை வண்டியின் இப்பெயரே பின்னர் துவிச்சக்கர வண்டிக்கும் வந்து சேர்ந்தது.

ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் டிரைஸ் என்பவர் 1817 ஆம் ஆண்டிலே மன்ஹைம் நகரில் ஓட்டிக் காட்டிய மர வண்டியே இவ்வினத்தின் மூதாதை. அதற்கு மிதிகள் இல்லை. காலால் நிலத்தை உந்திச் செல்ல வேண்டும். 1860களிலே பாரிஸ் நகரில் முன் சக்கரத்தில் மிதிகள் பொருத்தப்பட்டன. பின்னர் முன் சக்கரம் ஆளுயரத்திற்கு வளர்ந்தது. மிதி சக்கரத்தின் அச்சிலேயே இருந்தமையால், வேகம் வேண்டுமாயின் சக்கரம் பெரிதாதல் வேண்டும்; வேறு வழியில்லை. அவ்வண்டியில் ஒருவர் ஏறி இருப்பதே வீரமாகக் கருதப்பட்டது. இருவர் ஏறுவது எவ்வாறு?

ஆகவே, இருவராகச் செல்ல விரும்பியோர் முதலில் முச்சக்கர வண்டியையே நாடினர். யோசேப் பென்னல் என்ற அமெரிக்க ஓவியரும் அவர்தம் மனைவி எலிசபெத் என்ற எழுத்தாளரும் 1884 ஆம் ஆண்டிலே இருவர் மிதிக்கும் முச்சக்கர வண்டியில் இத்தாலியின் புளோரன்ஸ் நகரிலிருந்து உரோமாபுரி வரை சென்றனர். மனைவி எழுத, கணவர் படம் வரைய, அப்பயணம் ஒரு நூலாகவும் வெளிவந்தது.

இரண்டு சக்கரத்தில் இருவர் செல்வதற்கு வழி திறந்தது சங்கிலி. 1880 இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் றெனோல்ட் செய்த உருளைச் சங்கிலியும், 1885 இல் கவென்றி நகரில் ஜோன் கெம்ப் ஸ்ராலி வெளியிட்ட 'றோவர்' வண்டியும் இக்காலத்து வண்டியின் வடிவை நிலைநிறுத்தின. மிதி நடுவிலும், இழுவிசை பின் சக்கரத்திலும் அமைந்துவிட்டமையால் வண்டி தாழ்ந்தது. தாழ்ந்த வண்டியை நீட்டுவது எளிதாயிற்று. அடுத்த ஆண்டே, 1886 இல், இங்கிலாந்தின் பிகில்ஸ்வேட் என்னும் சிற்றூரைச் சேர்ந்த டான் அல்போனும், பத்திரிகையாளரான ஏ. ஜே. வில்சனும் சேர்ந்து டாண்டம் ஒன்றை உருவாக்கினர். அல்போன் தம் ஊரில் ஓடிய ஐவெல் என்னும் ஆற்றின் பெயரையே தம் வண்டிகளுக்கு இட்டார். பிற்காலத்தில் உழவு இயந்திரம் செய்து புகழ் பெற்றவரும் அவரே.

வில்சனைப் பற்றி ஒன்று ஈண்டுக் குறிப்பிடத் தக்கது. அவர் செவிப்புலன் இழந்தவர். செவிடர் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துக்களைத் தலைகீழாக்கி, 'பேட்' என்பதையே தமது புனைபெயராகக் கொண்டவர். தம் குறையைத் தாமே நகைத்து எழுதிய அம்மனிதர், இருவர் இணைந்து இயங்கும் வண்டிக்குத் தந்தையருள் ஒருவராய் விளங்கியமை எண்ணி மகிழத் தக்கது.

சட்டத்தின் சிக்கல்

ஒற்றை வண்டியை நீட்டினால் டாண்டம் ஆகிவிடும் என்று எண்ணுவது தவறு. சாதாரண வண்டியில் இரு அச்சுக்களுக்கும் இடைப்பட்ட தூரம் 3¼ அடி அளவினது. டாண்டத்தில் அது 5½ அடியைத் தாண்டும். சுமையோ இரு மடங்கு. நீண்ட மூங்கிலின் இரு முனைகளையும் தாங்கி நடுவில் ஆட்களை இருத்தினால் அது வளைவது போல, நீண்ட சட்டமும் வளையும். இருவரும் மாறி மாறி மிதிக்கையில் முறுகவும் செய்யும்.

இதற்கு விடை முக்கோணத்தில் இருந்தது. நான்கு கம்பிகளைச் சதுரமாக மூட்டினால், ஒரு மூலையைத் தள்ளியவுடன் அது சரியும். மூன்று கம்பிகளை முக்கோணமாக மூட்டினால் சரியாது. டாண்டத்தின் நடுப்பகுதி இயல்பாகவே நாற்கோணமானது. எனவே வண்டியின் தலைக் குழாயிலிருந்து பின்னவரின் மிதியச்சு வரை குறுக்கே ஒரு குழாயை ஓட்டினர். அல்லது இரண்டு மெல்லிய குழாய்களை இரு புறமுமாகப் பின் சக்கரத்தின் அச்சு வரை கொண்டு சென்றனர். இரு மிதியச்சுக்களையும் இணைக்கும் கீழ்க் குழாயைப் பருமனாக்கினர். சிலர் அதனை முட்டை வடிவிற் செய்தனர். பழைய டாண்டம்களைச் சேகரிப்போர் இன்று முதலிற் பார்ப்பது இக்குழாய்களின் போக்கைத்தான். அதைக் கொண்டே வண்டியின் காலத்தையும் செய்தவரின் எண்ணத்தையும் ஓரளவு மதிப்பிடுவர்.

முக்கோணத்தை எல்லைவரை கொண்டு சென்றவர் டென்மார்க்கிற் பிறந்து இங்கிலாந்தின் டேர்ஸ்லி நகரில் வாழ்ந்த மிக்கேல் பெடர்சன். மெல்லிய குழாய்கள் பலவற்றை முக்கோணங்களாகப் பின்னி, கயிற்றாற் பின்னிய ஊஞ்சல் போன்ற ஆசனத்தை அதில் தொங்கவிட்டார். 1898 ஆம் ஆண்டளவில் அவர் செய்த டாண்டம் 24 இறாத்தல் நிறையே கொண்டது. நால்வர் மிதிக்கும் வண்டியும் அவர் செய்தார். அதன் நிறை 64 இறாத்தல்.

ஏனைய உறுப்புக்களும் மாற வேண்டியிருந்தன. ஆங்கிலேய வண்டியில் முன் சக்கரத்துக்கு 32, பின் சக்கரத்துக்கு 40 என இருந்த கம்பிகள் டாண்டத்தில் 40, 48 என உயர்ந்தன. இரு மிதியச்சுக்களையும் பிணைக்கத் தனிச் சங்கிலி ஒன்று வேண்டும். அது தளர்ந்தால் இறுக்குவதற்காக முன் மிதியச்சை மையம் விலகிய உருளையொன்றினுள் அமைத்தனர். உருளையைச் சற்றுத் திருப்பினாற் சங்கிலி இறுகும். எல்லாவற்றிலும் கடினமானது பிறேக். மலையிறக்கத்தில் இருவர் நிறையையும் இரண்டே சக்கரங்கள் தடுக்க வேண்டும். பிறேக் கட்டைகள் உரசி உரசி வளையம் கொதித்தால் ரயர் வெடித்துவிடும். ஆதலாற் சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே இயங்கும் மேலதிக பிறேக்கை நெடும்பயண டாண்டம்களிற் பொருத்தினர்.

இத்தனை தொல்லைக்கும் கிடைத்த பயன் யாது? வேகம். இருவர் வலிமை சேர்கின்றது. ஆனால் பின்னவர் முன்னவரின் முதுகிற்குப் பின் மறைந்திருப்பதால் எதிர்க்காற்றுத் தடை ஏறக்குறைய ஒருவருக்குரியதே. சம தரையிலும் இறக்கத்திலும் டாண்டம் ஒற்றை வண்டியை முந்தும். ஏற்றத்திலோ இந்த இலாபம் மறைந்துவிடும். அங்கே காற்றின் தடை சிறிது. சுமக்க வேண்டிய நிறையோ இரு மடங்கு.

கைபிடி யாருக்கு?

1890களிலே பெண்டிர் துவிச்சக்கர வண்டி ஏறியது மேல்நாடுகளிற் பெரும் சமூக மாற்றமாகக் கருதப்பட்டது. அக்காலத்து டாண்டம்கள் பலவற்றிற் பெண்ணுக்கு முன் ஆசனம் அளிக்கப்பட்டது. நீண்ட பாவாடைக்கு இடையூறு நேராவண்ணம் முன் சட்டம் தாழ்த்தப்பட்டது. பெண்ணுக்கு நல்ல காட்சி கிடைக்க வேண்டும் என்பது மரியாதை. ஆனால் வண்டியைத் திருப்பும் அதிகாரத்தை முழுவதும் அவளிடம் விட மனம் வரவில்லை. பின்னால் இருந்த ஆணின் கைபிடியையும் ஒரு நீண்ட கோலால் முன் கவருடன் இணைத்துவிட்டனர். ஆசனத்தை விட்டுக்கொடுத்தவர் அதிகாரத்தை விட்டுக்கொடுக்கவில்லை என்பதற்கு இக்கோலே சாட்சி.

ஒரு சக்கரத்தை இருவர் திருப்புவது நீடிக்கக்கூடியதன்று. ஒருவர் இடம் என்றும் மற்றவர் வலம் என்றும் எண்ணினால் முடிவு பள்ளத்தில்தான். மேலும் அக்கோல் வண்டியின் நிறையையும் கூட்டியது. காலப்போக்கில் இணைப்புக் கோல் மறைந்தது; முன்னவரே திருப்புபவர் என்ற வழக்கம் நிலைத்தது. தாழ்ந்த சட்டம் பின்னே சென்றது. அதனோடு பெண்ணும் பெரும்பாலும் பின்னே சென்றாள்.

இக்காலத்தே, 1892 இல், ஹரி டேக்கர் என்ற ஆங்கிலேயர் 'டெய்சி பெல்' என்னும் காதற் பாட்டை இயற்றினார். திருமணத்திற்கு ஆடம்பர வண்டி வாங்க வசதியற்ற இளைஞன் காதலியை டாண்டத்தில் அழைத்துச் செல்ல விழைவதே அதன் பொருள். 1961 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே கணனி ஒன்று பாடுமாறு செய்யப்பட்டபோது, அது பாடியதும் இப்பாட்டையே.

ஓட்டக் களத்தில்

பந்தயக்காரரும் டாண்டத்தை விரைவிற் கைக்கொண்டனர். தனி வீரர் ஒருவருக்கு முன்னே இருவர், மூவர், ஐவர் மிதிக்கும் வண்டி சென்று காற்றைப் பிளந்து கொடுப்பது 1890களின் வழக்கம். 1896 இல் ஓவியர் துலூஸ்-லோத்றெக் வரைந்த 'சிம்சன் சங்கிலி' விளம்பரப் படத்தில், பலர் மிதிக்கும் வண்டியைத் தொடர்ந்தோடும் வீரரை இன்றும் காணலாம்.

ஒலிம்பிக் விளையாட்டிலே 1908 இல் இலண்டனில் டாண்டப் போட்டி நடைபெற்றது. பிரான்சு நாட்டின் ஷில், ஓப்றே என்போர் வென்றனர். 1920 முதல் 1972 வரை அது தொடர்ந்து இடம்பெற்றது. 1948 இல் இலண்டன் ஹேர்ன் ஹில் களத்திலே இறுதிப் போட்டி முடியும்போது ஏறக்குறைய இருட்டிவிட்டது. இத்தாலியின் தெருசியும் பெரோனாவும், பிரித்தானியாவின் றெஜ் ஹரிஸையும் அலன் பனிஸ்டரையும் மயிரிழையில் வென்றனர். 1972 இல் மியூனிக்கில் சோவியத் இணையர் வென்றதோடு ஒலிம்பிக் களத்தில் இப்போட்டி முடிவுற்றது.

1936 ஆம் ஆண்டுக் கோடை

டாண்டத்தின் பொற்காலம் களத்தில் அன்று, வீதியில் வந்தது. 1936 இல் பிரான்சிலே லெயோன் புளூம் தலைமையில் மக்கள் முன்னணி அரசு அமைந்தது. பெரும் வேலைநிறுத்தங்களின் பின், அவ்வாண்டு யூன் மாதத்திலே, தொழிலாளர் யாவர்க்கும் ஆண்டில் இரு வாரச் சம்பளத்துடன் கூடிய விடுமுறை சட்டமாயிற்று. வாரத்துக்கு 40 மணி நேர வேலையும் சட்டமாயிற்று. அதுவரை விடுமுறை என்பது வசதியுள்ளோர்க்கே உரியது. தொழிலாளிக்கு வேலை இல்லாத நாள் என்றால் கூலி இல்லாத நாள்.

அக்கோடையிலே பல தொழிலாளர் முதன்முறையாகக் கடலைக் காணப் புறப்பட்டனர். பலர் புகைவண்டியிற் சென்றனர். இளந்தம்பதிகள் பலர் டாண்டத்திற் சென்றனர். முன்னே கணவன், பின்னே மனைவி, அதன் பின் கூடாரமும் சமையற் பாத்திரமும். அக்காலத்துப் புகைப்படங்கள் இக்காட்சியைப் பிரான்சு மக்களின் நினைவில் அழியாமற் பதித்துவிட்டன. கார் வாங்க வசதியற்றவருக்கு டாண்டம் ஒரு வாகனம் மட்டுமன்று. தமக்கும் ஓய்வு உண்டு என்பதன் அடையாளமாகவும் விளங்கியது.

அதே காலத்திலே பாரிஸ் அருகே லெவலுவா என்னுமிடத்தில் அலெக்ஸ் சிங்கர், றெனே எர்ஸ் முதலிய கைவினைஞர் தோன்றினர். எர்ஸ் விமானத் தொழிலிற் பழகியவர். சட்டம், விளக்கு, சேறு காப்பு, சாமான் தாங்கி என்பவற்றைத் தனித்தனியே வாங்கிப் பொருத்தாமல், யாவற்றையும் ஒன்றாகவே திட்டமிட்டுச் செய்தனர். அவர்தம் டாண்டம்களை இன்றும் சேகரிப்போர் தேடி அலைகின்றனர்.

வீழ்ச்சியும் புதுவாழ்வும்

போருக்குப் பின் இத்தாலியில் 1946 இல் வெஸ்பா ஸ்கூட்டர் வந்தது. பிரான்சில் 1948 இல் சித்ரோயன் நிறுவனம் மலிவான சிறு காரை அறிமுகஞ் செய்தது. டாண்டத்தில் மனைவியுடன் சென்றவர் குழந்தைகளுடன் காரில் ஏறினார். அதனைக் குறை கூறுவதற்கில்லை. ஏழு மைல் ஏற்றத்தில் மழையோடு மிதித்தவர் கூரையை விரும்பியது இயல்பே.

எனினும் டாண்டம் அழியவில்லை. அதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. பார்வையற்ற ஒருவர் தம் முழு வலிமையோடும் வீதியில் விரைந்து செல்லத் துணைபுரியும் வண்டி இதுவே. பாராலிம்பிக் விளையாட்டிலே பார்வைக் குறைவுடையோர் பின் ஆசனத்திலும், பார்வையுள்ள வழிகாட்டி முன் ஆசனத்திலும் அமர்ந்து போட்டியிடுகின்றனர். பதக்கம் இருவருக்கும் உண்டு. ஸ்கொத்லாந்தின் நீல் பேச்சி 2012 இல் இலண்டனில் பார்னி ஸ்ரோறியுடனும், 2021 இல் தோக்கியோவில் மற் றொதரமுடனும் தங்கம் வென்றார். செவிப்புலன் இழந்த வில்சன் உருவாக்கத் துணை நின்ற வண்டி, விழிப்புலன் இழந்தோரை வெற்றிக்கு ஏற்றிச் செல்கின்றது.

பின் ஆசனத்தில் இருப்பவர் முன்னவரின் முதுகையன்றி வேறொன்றையும் நேரே காணார். கைபிடி திரும்பாது, பெரும்பாலும் பிறேக்கும் அவர் கையில் இல்லை. பள்ளம் வருமுன் முன்னவர் சொல்ல வேண்டும். சங்கிலி இருவரையும் பிணைத்திருப்பதால், மிதிப்பை நிறுத்துவதானாலும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். சொல்லாது திருப்புபவர் நல்ல தலைவரல்லர். மிதிப்பது போலக் காலை மாத்திரம் சுழற்றுபவர் நல்ல துணைவருமல்லர். பின்னவர் ஏமாற்றினாற் பாரத்தில் முன்னவர்க்குத் தெரியும். முன்னவர் தடுமாறினால் ஆட்டத்தில் பின்னவர்க்குத் தெரியும்.

சங்கம் அமைத்துப் பணிபுரியும் வாலிபர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. கைபிடி ஒருவர் கையில் இருப்பது தவிர்க்க முடியாதது. ஆனால் வண்டி ஓடுவது கைபிடியால் அன்று; நான்கு கால்களால்.