மான் வேட்டையும் ஈயக் குண்டும்

ஆண்மானை ஆங்கிலத்தில் ‘பக்’ என்பர். அதனை வீழ்த்தும் பருத்த ஈய ரவை ‘பக்ஷாட்’ எனப் பெயர் பெற்றது. 12 போர் துப்பாக்கிக்குரிய ‘டபுள் ஆட்’ தோட்டாவில் பெரும்பாலும் 9 ரவைகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 8.4 மில்லிமீட்டர் விட்டமுடையது. அண்மையில் அவை ஒருங்கே பாயும். தொலைவு கூடக்கூடச் சிதறும். ஓரிரு ரவைகள் மட்டுமே தைத்த மான் வீழ்வதில்லை. புதருள் ஓடி மறைந்து, நெடுநேரம் துடித்து மடியும். சுட்டவன் அதனைக் காண்பதுமில்லை. வேட்டைக்கலை சுமந்த பழி இதுவே.

1898இல் ஜெர்மானியரான வில்ஹெல்ம் பிரென்னகே ஒற்றைக் குண்டொன்றை வகுத்தார். பின்னே பிணைத்த கம்பளித் தக்கை அதனை நேரே செலுத்திற்று. 1931இல் அமெரிக்கரான கார்ல் ஃபாஸ்டர், பின்புறம் குடைவும் முன்புறம் கனமும் உடைய குண்டை ஆக்கினார். பூப்பந்து புரளாமற் பறக்கும் நியதியே அதற்கும். நெடுந்தூரம் பாயும் ரைபிள் குண்டு ஊருக்கு ஆபத்தென விலக்கப்பட்ட அமெரிக்க மாநிலங்களில் அது நிலைபெற்றது.