காற்றைத் தூக்கிவிட்ட புயல்

அந்தப் புயல் பிறந்த நாள் 2022 ஜனவரி 29. சூரியனில் கரும்புள்ளிக் கூட்டம் ஒன்றின் மேல் முறுக்கேறிக் கிடந்த காந்தப்புலம் அன்று நிலைகுலைந்தது. அறுந்த காந்தக் கோடுகள் வேறு விதமாக இணைந்தன. மிச்சப்பட்ட ஆற்றல் பெருந்திரளான பிளாஸ்மாவை வெளியே வீசியது. கூடவே எழுந்த ஒளிவெடிப்பு நடுத்தர வகையின் கீழ்வரிசையில் இருந்தது. சூரியன் இதைவிடப் பெரிதாகப் பல முறை சீறியிருக்கிறது. ஆனால் இந்த மேகம் பூமியின் பக்கம் கிளம்பியிருந்தது.

15 கோடி கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க அதற்கு ஏறத்தாழ மூன்று நாள் ஆயிற்று. பூமிக்கு 15 லட்சம் கிலோமீட்டர் முன்னால், எல்-1 புள்ளியில் அமெரிக்க விண்கலங்கள் காவலிருக்கின்றன. (நம் ஆதித்யா எல்-1 அங்கே போய்ச் சேர்ந்தது 2024 ஜனவரியில்தான்.) வந்த மேகத்தின் வேகத்தையும் அடர்த்தியையும் அவை அளந்தன. அவற்றைவிட முக்கியமான கேள்வி, மேகம் சுமந்துவரும் காந்தப்புலம் எந்தத் திசை பார்க்கிறது என்பது. வடக்கு நோக்கியிருந்தால் பூமியின் காந்தப்புலம் பெரும்பாலும் அதை ஒதுக்கி அனுப்பிவிடும். தெற்கு நோக்கியிருந்தால் எதிரெதிர்க் கோடுகள் பிணைந்து கதவு திறந்துகொள்ளும். இது தெற்கு நோக்கியும் வந்தது.

திறந்த கதவின் வழியே புகுந்த ஆற்றல், இரவுப் பக்கத்தில் நீண்டு கிடக்கும் காந்த வாலில் சேர்ந்து, அங்கிருந்து துருவங்களை நோக்கிப் பாய்ந்தது. அங்கே வானில் எழும் பச்சை ஒளித் திரைகளின் படங்களைத்தான் நாம் பார்க்கிறோம். அந்த ஒளிக்குப் பின்னால், 100 கிலோமீட்டருக்குச் சற்று மேலே, லட்சக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டம் ஓடுவது கண்ணுக்குத் தெரியாது. அங்குள்ள காற்று மின்சாரத்தைத் தடுக்கும், தடுக்கும்போது சூடேறும். சூடேறிய காற்று மேலே விரியும். துருவத்தில் தொடங்கும் இந்த வீக்கம் சில மணி நேரத்தில் நிலநடுக்கோடு வரை பரவிவிடும். இதனால் 200 கிலோமீட்டருக்கு மேலே, மிக மெல்லியதாக இருந்த காற்று சட்டென்று அடர்ந்தது. கீழே நமக்கு இதில் எதுவும் உறைக்காது.

பிப்ரவரி 3 அன்று இந்தக் கலக்கம் அடங்குவதற்குள், புளோரிடாவிலிருந்து ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஒரு பால்கன்-9 ராக்கெட் அதன் 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களோடு கிளம்பியது. காந்தப் புயல் வரலாம் என்ற முன்னறிவிப்பு ஏற்கெனவே வந்திருந்தது. ஐந்து படி அளவுகோலில் கீழ்ப் படிப் புயல். அதற்காக யாரும் ஏவலைத் தள்ளிப்போடுவதில்லை. ராக்கெட் அவற்றைச் சுமார் 210 கிலோமீட்டர் தாழ்வுநிலை கொண்ட சுற்றுப்பாதையில் விட்டது. அவ்வளவு தாழ்வாக விட்டதற்குக் காரணம் இருந்தது. பழுதான கோள் ஏதாவது இருந்தால் குப்பையாக மேலேயே சுற்றாமல் சீக்கிரம் விழுந்து எரிந்துவிட வேண்டும். யோசித்துப் பார்த்தால் பொறுப்பான ஏற்பாடுதான். அதுவே இப்போது வினையானது.

மறுநாள் புயல் இன்னொரு முறை வலுத்தது. முந்தைய ஏவல்களைவிட 50 சதவீதம் வரை இழுவை கூடியதாக ஸ்பேஸ்எக்ஸ் பின்னர் சொன்னது. நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் போகும் பொருளுக்கு அந்த அற்பக் காற்றும் தடைதான். கோள்களைத் தட்டையாக, காற்றைக் கிழிக்கும் காகிதத் தாளைப்போல விளிம்பு முன்னே வரத் திருப்பினார்கள். இழுவை குறைந்தது. ஆனால் அந்தப் பாதுகாப்பு நிலையிலிருந்து மீண்டு மேலே ஏறும் வேலையைப் பெரும்பாலான கோள்களால் தொடங்கவே முடியவில்லை. அவற்றில் இருந்தவை மெதுவாகத் தள்ளும் சின்ன கிரிப்டான் இயந்திரங்கள். காற்றோடு மல்லுக்கட்டும் பலம் அவற்றுக்கு இல்லை. சில நாட்களில் ஒவ்வொன்றாக இறங்கி எரிந்தன. பியூர்ட்டோ ரிக்கோவின் இரவு வானில் சில துண்டுகள் எரிந்தபடி போனது கேமராவில் பதிவாகியிருக்கிறது.

துகள் மழை இந்தக் கோள்களின் மின்சுற்றைக் கருக்கியதாக எழுதியவர்களும் உண்டு. அப்படி எதுவும் நடக்கவில்லை. சூரியனிலிருந்து வந்த மேகம் அவற்றைத் தொட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நம் காற்றைச் சற்றுத் தூக்கிவிட்டதே போதுமாயிற்று.

49இல் இழந்தது 38, பிழைத்தது 11. அதற்குப் பிறகு ஸ்பேஸ்எக்ஸ் தன் கோள்களை இன்னும் உயரமான பாதையில் இறக்கிவிடத் தொடங்கியது.